கற்காலத்தைத் தேடி – 6: தேயிலைக் கானில் வெங்கச்சங்கல்

இலங்கையில் கற்காலக் கருவிகளைச் சேகரிக்கும் வேலை 1885ஆம் ஆண்டளவில் மலைநாட்டில் தொடங்கியது. தொடங்கி வைத்த இருவரும் தொல்லியல் படித்தவர்கள் அல்லர். ஜோன் போல் மஸ்கெலியாவில் தோட்டத்துரை. ஈ. ஈ. கிறீன் பயிர்களை அழிக்கும் செதிற்பூச்சிகளை ஆராய்ந்து, பின்னாளில் அரசாங்கப் பூச்சியியலாளர் பதவிக்கு வந்தவர். ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமலே, இருவரும் உடைந்த வெங்கச்சங்கற்களையும் செர்ட் என்னும் கல்லின் சில்லுகளையும் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

கடந்த பகுதியில் கதை சென்னையை அடுத்த பல்லாவரத்தில் நின்றது. 1863 மே 30ஆம் தேதி நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே சரளைக் குழியொன்றில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தில் மேலும் பலவற்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் அன்று ஏட்டில் ஏறியது. பாக்குநீரிணையைத் தாண்டி அந்தத் தேடல் இலங்கைக்கு வர 22 ஆண்டுகள் பிடித்தன.

இந்த வாரப் பகுதி 1885க்கும் 1914க்கும் இடைப்பட்ட ஒரு தலைமுறையின் கதை. அதில் ஒரு தோட்டம் வருகிறது, ஒரு குகை வருகிறது, ஒரு குன்று வருகிறது. மாத்தளை மாவட்டத்தின் லக்கல வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதும் இந்தக் கதையின் பகுதிதான்.

*

கைக்கோடரி இல்லாத தீவு

ஃபூட் கண்டெடுத்தவற்றில் பேர்பெற்றவை கைக்கோடரிகள். உள்ளங்கை நிறைய, இரு முகமும் செதுக்கி, ஒரு முனை கூராக்கிய குவார்ட்சைட் கற்கள். அவற்றை முன்பின் பார்த்திராதவர்கூட மனிதக் கை பட்ட பொருள் என்று ஒப்புக்கொள்வார்.

அந்த வடிவம் ஐரோப்பியப் படிப்பாளிகளின் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தது. பிரான்சின் அபேவில் நகரில் பூஷே டி பேர்த் என்ற சுங்க அதிகாரி பல ஆண்டுகளாகக் கைக்கோடரிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்பாரில்லாமல் வாதாடிக்கொண்டிருந்தார். 1859இல் பிரெஸ்ட்விச்சும் ஜோன் எவன்ஸும் இங்கிலாந்திலிருந்து நேரில் போய்ப் பார்த்து அவர் சொன்னது சரியென்று அறிவித்தார்கள். அதன் பிறகு கற்காலம் என்றால் கைக்கோடரி என்று ஆகிவிட்டது. 1872இல் எவன்ஸ் எழுதிய பெருநூல் அந்தப் பழக்கத்தை இன்னும் உறுதிப்படுத்தியது.

இலங்கையில் கைக்கோடரி கிடைக்கவில்லை. போலும் கிறீனும் தேடிய காலத்தில் மட்டுமல்ல, அதற்குப் பிந்திய நூறாண்டு ஆய்விலும் கைக்கோடரிப் பண்பாடு என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் தீவில் அகப்படவில்லை. கிடைத்தவை சிறியவை. பல கருவிகள் கட்டைவிரல் நகத்தின் அளவைத் தாண்டாதவை.

கல்லின் குணமும் தேடியவர்களுக்கு எதிராக நின்றது. ஐரோப்பாவின் கற்கருவி சிக்கிமுக்கிக் கல்லில் செய்யப்பட்டது. அதை அடித்தால் சிப்பியின் உட்புறம் போல வளைந்த பரப்போடு செதில் கழன்றுவரும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு புடைப்பு தெரியும். அதிலிருந்து வட்ட வட்டமாக அலைக்கோடு பரவியிருக்கும். அந்தப் புடைப்பைப் பார்த்தே, இது தானாக உடைந்ததன்று, ஒருவர் அடித்து உடைத்தது என்று சொல்லிவிடலாம்.

இலங்கையில் சிக்கிமுக்கிக் கல் கிடையாது. மலைநாடு முழுக்க மிகப் பழைய உருமாறிய பாறை: நைஸ், சார்னொகைட், குவார்ட்சைட், சலவைக்கல். அவற்றின் வெடிப்புகளில் வெங்கச்சங்கல் வெள்ளை வெள்ளையாகப் பாய்ந்திருக்கிறது. ஆற்றுப் படுகையில் அதுவே கூழாங்கல்லாகக் கிடக்கிறது. அடித்தால் அது தன் உள்வெடிப்புகள் வழியே கோணல்மாணலாகச் சிதறும். புடைப்பு தெளிவாக விழாது. அலைக்கோடு பெரும்பாலும் தெரியாது. அதனால் கூழாங்கல்லை ஒரு பட்டடைக் கல்லின் மேல் நிறுத்தி, மேலிருந்து இன்னொரு கல்லால் அடித்துப் பிளக்கும் முறை இங்கே பரவலாக இருந்தது. நடுவில் குழி விழுந்த உருண்டைக் கற்கள் பிற்கால அகழ்வுகளில் அடிக்கடி கிடைப்பது இந்த வேலையோடு பொருந்துகிறது.

சுருங்கச் சொன்னால், போலும் கிறீனும் கையில் வைத்திருந்தவை ஐரோப்பிய நூல் எதிலும் படமாக இல்லாத கருவிகள். படத்தில் இல்லாததை அடையாளம் காண்பது, படத்தில் இருப்பதைக் கண்டெடுப்பதைவிடக் கடினம். அந்த அளவில் இருவருக்கும் உரிய மதிப்பு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

*

கான் வெட்டியவர்கள்

1885 என்ற ஆண்டு தற்செயலாக அமைந்ததன்று. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பி சாய்ந்தது. செத்த கோப்பியைப் பிடுங்கிய இடத்திலும், புதிதாக வெட்டிய காட்டிலும் தேயிலை ஏறியது. மலைச் சரிவுகள் ஒரே தலைமுறையில் இரண்டு முறை கிளறப்பட்டன.

தேயிலைக்குச் சரிவில் நீர் வடியக் கான் வெட்ட வேண்டும். செடிகளுக்கு இடையே முள்ளுக் குத்தி மண்ணைத் தளர்த்த வேண்டும். தோட்டக் கணக்கில் இவை கான்வெட்டு, முள்ளுக்குத்து என்று பதிந்து நாட்சம்பளம் போடும் வேலைகள். செய்தவர்கள் கங்காணிமாரோடு தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். காடு போன சரிவில் மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போக, பல்லாயிரம் ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த சில்லுகள் வெளியே வந்தன.

போல் தேடியது இந்த மண்ணில்தான். இலங்கை அரச ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் 1907இல் அவர் தம் கற்களைப் பற்றி எழுதினார். 1913இல் இலங்கைக் கற்கருவிகள் குறித்த அவருடைய நூல் கல்கத்தாவில் அச்சாகியது. முதல் கல்லுக்கும் அந்த நூலுக்கும் இடையில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள். ஒரு தோட்டத்தை நடத்திக்கொண்டே ஒருவர் செய்த வேலை அது. மண்வெட்டியும் முள்ளும் பிடித்தவர்களின் பெயர் இந்த வரலாற்றில் எங்கும் இல்லை. மலையகத் தொழிலாளரின் வரலாற்றில் கற்காலத்துக்கு ஓரிடம் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டது, தொல்லியலின் பழைய கடன்களில் ஒன்று.

*

உடைந்த கல்லா, உடைத்த கல்லா?

சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. வெங்கச்சங்கல் தானாகவும் உடையும். ஓடையில் உருண்டு உடையும். காட்டுத்தீயில் சூடேறி வெடிக்கும். தெரு போடுகிறவரின் சுத்தியலில் தெறிக்கும். மலைநாட்டில் எந்தச் சரிவிலும் கூர்விளிம்புள்ள வெள்ளைச் சில்லு ஒரு கைப்பிடி அள்ளலாம். அதில் கருவி எது, கழிவு எது, வெறும் கல் எது?

இதற்கு மூன்று வழியாகப் பதில் சொல்லப்பட்டது.

முதலாவது, இடம். ஆற்றில் உருண்டு மழமழப்பான கூழாங்கல் ஒன்று, ஓடையே இல்லாத குன்றின் உச்சியில் உடைந்து கிடந்தால், அதை நீர் கொண்டுபோயிருக்க முடியாது. யாரோ சுமந்து ஏறியிருக்க வேண்டும். செர்ட் இன்னும் தெளிவான சாட்சி. அது இயற்கையாக இல்லாத மேட்டில் செர்ட் சில்லு கிடைப்பது, கடற்கரையே இல்லாத ஊரில் சங்கு கிடைப்பதற்குச் சமம்.

இரண்டாவது, வடிவம் திரும்பத் திரும்ப வருவது. ஒரு சில்லு பிறை வடிவில் உடைந்தால் தற்செயல் எனலாம். ஒரே மேட்டில் பத்துப் பிறை கிடைத்து, பத்திலும் வளைந்த பக்கம் மட்டும் சின்னச் சின்னக் கொத்தலால் மழுங்கடிக்கப்பட்டு, நேர்ப்பக்கம் கூராகவே விடப்பட்டிருந்தால் தற்செயல் என்ற வாதம் நிற்காது. மழுங்கிய பக்கம் தண்டில் பொருத்துவதற்கு. கூரான பக்கம் அறுப்பதற்கு.

மூன்றாவது வழிதான் முடிவானது. கல் எதோடு சேர்ந்து கிடந்தது என்று பார்ப்பது. தோட்டத்துச் சரிவில் அதற்கு வழியில்லை. மழை எல்லாவற்றையும் கலந்துவிட்டது. ஒரு கல்லுக்குப் பக்கத்தில் கிடப்பது அதன் காலத்துப் பொருளா, போன வருடம் மேலிருந்து உருண்டு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. குலையாத மண் வேண்டும். அதற்குக் குகை வேண்டும்.

*

செலிபீஸ் வழியாக நீல்கல

அந்தக் குகையைத் தேடி வந்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துப் பணக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த இருவர்: பவுல் சாராசின், பிரிட்ஸ் சாராசின். இருவரும் உறவினர்கள், இருவரும் விலங்கியலாளர்கள். 1883 முதல் 1886 வரை இலங்கையில் தங்கி விலங்குகளையும் தீவின் தொல்குடிகளான வேடர்களையும் ஆராய்ந்தார்கள். வேடரைப் பற்றிய அவர்களது பெரிய நூல் 1892, 1893ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அந்தப் பயணத்தில் அவர்களுக்குக் கற்காலம் அகப்படவில்லை. போலும் கிறீனும் சில்லு பொறுக்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில் அவர்களும் தீவில்தான் இருந்தார்கள் என்பது இந்தத் தொடரின் வேடிக்கைகளில் ஒன்று.

திருப்பம் இலங்கைக்கு வெளியே நேர்ந்தது. சாராசின்கள் அடுத்து இன்றைய இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக்கு, அன்றைய பெயரில் செலிபீஸுக்குப் போனார்கள். இரண்டாம் பயணத்தில், 1902இல், தொவாலா என்னும் மக்கள் வாழ்ந்த லமொன்சொங் குகைகளைத் தோண்டினார்கள். குகை மண்ணுக்குள் கற்கருவிகள் இருந்தன.

அது அவர்களைப் பழைய கேள்விக்கே திருப்பி அனுப்பியது. காட்டுக் குகைகளில் வாழ்ந்த தொவாலாக்களின் தரைக்குக் கீழே கற்காலம் இருக்குமானால், காட்டுக் குகைகளில் வாழ்ந்த வேடரின் தரைக்குக் கீழே ஏன் இருக்கக் கூடாது? இருபது ஆண்டுகளுக்கு முன் கண்டு எழுதிய ஊரில் கால்பட்ட இடத்துக்குக் கீழே தோண்டிப் பார்க்காமல் வந்துவிட்டோமா?

1907இல் இருவரும் மீண்டும் இலங்கைக்கு வந்தார்கள். ஊவாவின் கீழைச் சரிவில், காட்டுக்குள் இருக்கும் நீல்கலக் குகையில் தோண்டினார்கள்.

குகை மண் சரிவு மண்ணைப் போலன்று. கூரை மழையைத் தடுக்கிறது. உள்ளே இருந்தவர்கள் விட்டுப்போனதன் மேல் தூசி படிகிறது. அதன் மேல் அடுத்து வந்தவர்களின் சாம்பல் படிகிறது. கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. எலி வளையும் வௌவால் எச்சமும் இந்த ஒழுங்கைச் சில இடங்களில் குலைக்கும். ஆனாலும் மலைச் சரிவோடு ஒப்பிட இதுவே பொன்.

நீல்கலவில் வெங்கச்சங்கல், செர்ட் கருவிகளும் சில்லுகளும் கிடைத்தன. வேட்டையாடித் தின்ற விலங்குகளின் எலும்புகள் அவற்றோடு ஒரே மண்ணில் கிடந்தன. கல் தானாக உடைந்திருக்கலாம் என்ற வாதம் அங்கே முடிந்தது. ஓடை ஓடாத குகைத் தரையில், தின்று எறிந்த எலும்புகளுக்கு நடுவே கல் வந்து கூர்கூராக உடைந்து கிடக்கக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்.

1908இல் இலங்கைக் கற்காலம் பற்றிய சாராசின்களின் நூல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அந்தக் கருவிகளை அவர்கள் ஐரோப்பாவின் மக்தலேனியக் காலத்தோடு, அதாவது பழைய கற்காலத்தின் கடைக்கட்டத்தோடு ஒப்பிட்டார்கள். செய்தவர்கள் வேடரின் முன்னோர் என்று உறுதியாக எழுதினார்கள். கற்கள் பாசலுக்குப் போயின.

முதல் முடிவு, அதாவது இலங்கைக்கு ஒரு கற்காலம் உண்டு என்பது, அன்றிலிருந்து அசையவில்லை. காலத்தைப் பற்றிய முடிவு அசைந்தது. வேடரைப் பற்றிய முடிவு அசைந்து, திரும்பி, இன்னும் பேசப்பட்டுக்கொண்டிருக்கிறது.

*

இரும்பு அம்பு வைத்திருந்தவர்கள்

சாராசின்கள் போன கையோடு இன்னொரு இணை வந்தது. சார்ல்ஸ் செலிக்மனும் அவர் மனைவி பிரெண்டாவும் 1907, 1908ஆம் ஆண்டுகளில் வேடர்களிடையே தங்கி ஆய்வு செய்தார்கள். எனபெத்த வேடர்கள் வாழ்ந்த பெந்தியாகல்கே குகையில் தோண்டினார்கள். அங்கேயும் கற்கருவிகள் வந்தன. 1911இல் கேம்பிரிட்ஜில் அவர்களது நூல் அச்சாகியது.

கருவி கிடைத்தது, செய்தவர் யாரென்ற சிக்கல் கூடியது. அந்தக் குகையில் அப்போது இருந்த வேடர்களிடம் கல் உடைத்துக் கருவி செய்யும் வழக்கம் இல்லை. அவர்கள் அம்பின் முனை இரும்பு. கோடரி இரும்பு. இரும்பு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பழைய சான்று உண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்த ரொபட் நொக்ஸ் 1681இல் எழுதிய நூலில், வேடர்கள் இரவில் கொல்லன் வீட்டு வாசலில் இறைச்சியையும் வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவதையும், கொல்லன் செய்து வைத்ததைப் பிறகு எடுத்துக்கொள்வதையும் சொல்கிறார்.

ஆகவே குறைந்தது முந்நூறு ஆண்டுகளாக, உறுதியாக அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே, வேடர் கையில் இரும்பு இருந்திருக்கிறது. ஒரு தொழில் மறைந்து பல தலைமுறை ஆனபின், அது தம் முன்னோருடையது என்று யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். நினைவில் இல்லை என்பதால் முன்னோர் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அதே குகையில் வாழ்கிறார்கள் என்பதால் முன்னோர்தான் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சாராசின்கள் இந்த இரண்டாம் தாவலைக் கொஞ்சம் எளிதாகவே தாவினார்கள்.

வேடர் நாடு என்றதும் ஊவாவும் விந்தனையும் மட்டும் நினைவுக்கு வருவது இந்தக் கால நூல்களின் விளைவு. மாத்தளைப் பகுதியின் எல்லைகளைச் சொல்லும் பழைய சிங்கள ஏடான மாத்தளைக் கடயிம்பொத, நாலந்த, கவுடுபெலெல்ல போன்ற இடங்களில் காவலாக நின்ற வேடர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மாத்தளைக் காடுகளும் வேடர் காடுகளாக இருந்தவையே. ஆய்வாளர்கள் வந்தபோது அந்த வேடர்கள் ஊரோடு ஊராகக் கலந்து போயிருந்தார்கள். அதனால் அந்தக் குகைகளைத் தேடி யாரும் போகவில்லை.

*

அதிபரின் குன்று

அடுத்த பெரிய சேகரிப்பு ஒரு பாடசாலை அதிபருடையது. சார்ல்ஸ் ஹாட்லி 1903 முதல் 1919 வரை கொழும்பு றோயல் கல்லூரியின் அதிபர். பண்டாரவளையில், கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,200 மீற்றர் உயரத்தில், தேவாலயக் குன்று என்று அழைக்கப்பட்ட மேட்டில் அவர் தோண்டினார்.

பண்டாரவளை சுற்றிலும் பத்தனை என்னும் புல்வெளி. மரம் குறைவு, மேல்மண் மெல்லியது. தோண்டியவருக்கு ஆயிரக்கணக்கில் கற்கள் கிடைத்தன. அவற்றுக்கு நடுவே மிகச் சிறிய, ஒழுங்காகச் செய்த கருவிகள் வந்தன: பிறை, முக்கோணம், சரிவகம். குள்ளக் கருவிகள் என்று அக்காலத்தவர் அழைத்த இவற்றைத்தான் இன்று குறுணிக்கற்கருவி என்கிறோம். கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையான ஸ்பொலியா ஸெலானிக்காவில் 1913, 1914ஆம் ஆண்டுகளில் ஹாட்லி அவற்றை விவரித்தார்.

இந்தக் கட்டத்தில் கதை தீவை விட்டு வெளியே விரிகிறது. இதே வடிவங்களை ஆர்ச்சிபால்ட் கார்லைல் 1867, 1868ஆம் ஆண்டுகளில் விந்திய மலைக் குகைகளில் கண்டிருந்தார். ஐரோப்பாவிலும் பனியுகம் முடிந்த பிந்திய காலத்து மண்ணில் இவை கிடைத்தன. விந்தியமும் பண்டாரவளையும் பிரான்சும் ஒரே பிறையைச் செய்திருந்தன. ஒரே மக்கள் பரவினார்களா? அல்லது சிறு அலகைத் தண்டில் பதிக்க வேண்டும் என்ற ஒரே தேவை தனித்தனி இடங்களில் ஒரே விடையைக் கொடுத்ததா?

ஹாட்லியின் குன்று நீல்கலக் குகைக்கு எதிர்மாறான பாடம் சொன்னது. குகையில் கருவி குறைவு, சூழல் தெளிவு. குன்றில் கருவி ஏராளம். அமில மண்ணில் எலும்பு கரைந்துவிட, கல் மட்டும் மிச்சம். பிறை வடிவத்தை ஐயமின்றிக் காட்டியது குன்று. பிறையின் வயதைச் சொல்ல அதனால் முடியவில்லை.

*

வரைபடத்தில் விழாத லக்கல

போல், சாராசின்கள், செலிக்மன்கள், ஹாட்லி ஆகியோரின் முதன்மைத் தளங்களை ஒரு வரைபடத்தில் குறித்தால் மஸ்கெலியா, நீல்கல, எனபெத்த, பண்டாரவளை என்று புள்ளி விழும். அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரைபடத்தை வைத்துப் பார்க்கலாம்: தேயிலை ஏறிய மலை, புகையிரதம் போன ஊர், வெள்ளைக்காரர் ஓய்வெடுக்கப் போன குளிர்ந்த மேடு, வேடர் இன்னும் வேடராக வாழ்ந்த காடு. இரண்டும் பெரும்பாலும் பொருந்தும். கற்கால மனிதர் எங்கே வாழ்ந்தார்கள் என்பதைவிட, சேகரித்தவர்கள் எங்கே நடந்தார்கள் என்பதையே முதல் வரைபடம் அதிகம் சொல்கிறது.

லக்கல இந்த நான்கிலும் சேராத ஊர். மாத்தளையிலிருந்து ரத்தொட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டினால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் திறக்கிறது. பிட்டவலப் பத்தனை, இலுக்கும்புர, பல்லேகம என்று சாலை இறங்கிக்கொண்டே போகிறது. தெல்கமு ஓயாவும் களு கங்கையும் அம்பன் கங்கைக்கு ஓடுகின்றன. அது மகாவலியில் சேர்கிறது. கீழே வஸ்கமுவக் காடு. மேலே ஏலம், சரிவில் சேனை, பள்ளத்தில் வயல். தேயிலை இந்தப் பக்கம் பெரிதாக இறங்கவில்லை. கான் வெட்டப்படாத மண்ணில் சில்லும் வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் பொறுக்கத் துரை இல்லை.

கற்கால வேட்டைக்காரர் ஒருவரின் கணக்கில் பார்த்தால் இந்த இடம் மோசமானதன்று. ஒரு நாள் நடையில் ஈரமலைக் காட்டிலிருந்து உலர்வலயச் சமவெளிக்கு இறங்கிவிடலாம். மழைக்காலம் மாறி மாறி வரும் இரு பக்கமும் கைக்கெட்டும். குவார்ட்சைட்டும் வெங்கச்சங்கல்லும் காலடியில். ரத்தொட்டைப் பக்கத்து வெங்கச்சங்கல் படிவுகள் நிலவியலாளர்கள் நன்கு அறிந்தவை. மெல்லிய மண்ணும் புல்லுமாகக் கிடக்கும் பிட்டவலப் பத்தனையின் தோற்றம் பண்டாரவளையை நினைவூட்டக்கூடியது.

மாத்தளை மாவட்டத்திலேயே பிற்காலத்தில் கிடைத்த சான்று இந்தக் கணக்கை வலுப்படுத்துகிறது. லக்கலையிலிருந்து நேர்கோட்டில் 50 கிலோமீற்றருக்குள், சிகிரியாப் பாறையின் அடிவாரத்து அலிகலக் குகையில், கற்கருவி அடுக்கின் மேல் இரும்புக்கால அடுக்கு கிடைத்தது. அதே வட்டாரத்துப் பொத்தானைக் குகையில் கற்கருவிகளோடு மனித எலும்புகளும் வந்தன. தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவகம் 1980களின் இறுதியிலிருந்து நடத்திய ஆய்வுகளின் பயன் இவை. போலின் காலத்துக்கு நூறு ஆண்டு பிந்தியவை.

இன்று லக்கலையில் ஒருவர் போலைப் போலப் பை நிறையச் சில்லு பொறுக்கிக்கொண்டு வர முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். தற்செயலாகக் கண்டெடுத்தவரும் அறிவிக்க வேண்டும். நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது; 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சட்டம் நல்லது. ஆனால் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குப் பழைய பல்லேகம நகரம் இடம்விட, 2018இல் புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் தரை தண்ணீருக்குள் போனது. தனிமனிதர் ஒரு சில்லை எடுப்பதைத் தடுக்கும் சட்டத்தால் பெரிய அணையின் நீர்மட்டத்தைத் தடுக்க இயலாது.

*

பெட்டிக்குள் போன கற்கள்

1914இல் போர் மூண்டது. அதற்குள் இலங்கையின் கற்கருவிகள் பல பெட்டிகளில் பிரிந்து கிடந்தன. ஒரு பகுதி 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில், ஒரு பகுதி பாசலில், மீதி சேகரித்தவர்களின் கையிலும் பிரித்தானியச் சேகரிப்புகளிலும்.

பெட்டிகளில் இருந்தவை அழகான கற்கள். எந்தத் தோட்டத்தில் எடுத்தது என்று எழுதியிருந்தது. எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதற்குப் பக்கத்தில் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. சேகரித்தவர் நல்ல வடிவுள்ளதை வைத்துக்கொண்டு கழிவை எறிந்தார். கருவி செய்யும்போது தெறித்த கழிவுதான் வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்லும் சாட்சி. கழிவை எறிவதே அன்றைய வழக்கம். நவீன அகழ்வில் எறியப்பட்ட சில்லையும் சல்லடையிட்டு எண்ணுவது இந்த இழப்பிலிருந்து கற்றது.

கனிய அளவையாளராக இலங்கையில் பணிபுரிந்த ஈ. ஜே. வேலண்ட் இந்தக் குறையை உணர்ந்தவர். கல்லைவிட அது கிடந்த மண்ணைப் பார்த்தார். தாழ்நிலத்துச் செம்மண்ணும் அதன் அடியிலிருக்கும் சரளையும் எந்தக் காலநிலையில் படிந்தவை என்று கேட்டார். 1919இல் அவர் எழுதிய கட்டுரை, குறுணிக்கற்கருவிகளுக்கு முந்திய இன்னொரு கற்காலமும் தீவில் இருந்திருக்கலாம் என்ற கதவைத் திறந்தது. கிளிநொச்சியின் இரணைமடுப் பெயரைத் தாங்கப்போகும் செம்மண் படிவு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. வேலண்ட் அதற்குள் உகண்டாவுக்குப் போய்விட்டார்.

எஞ்சியது வயது. ஐரோப்பியக் கணக்கில் குறுணிக்கற்கருவி பனியுகத்துக்குப் பிந்தியது. ஆகவே பண்டாரவளைப் பிறைகளும் அதற்குப் பிந்தியவையாக, ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் ஓரத்துத் தீவு ஒன்றுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவையாகவே இருக்க வேண்டும் என்று பலர் எண்ணினர். அந்த எண்ணத்தைச் சோதிக்க அடுப்புக்கரி வேண்டும். கரியின் வயதை அளக்கும் முறை 1949 வரை உலகில் இல்லை. கரி மட்டும், எவரும் தொடாமல், சபரகமுவ மழைக்காட்டுக் குகைகளின் தரைக்குள் சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே கிடந்தது.

1930களில் நூதனசாலையைச் சேர்ந்த பி. ஈ. பி. தெரணியகல அந்தக் குகைகளுக்குள் நுழைந்தார். ஹாட்லியின் குன்றில் கிடைத்த அதே பிறை அங்கே கரியோடும் மனித எலும்போடும் ஒரே அடுக்கில் இருந்தால், ஐரோப்பாவின் கணக்கு என்னவாகும்?